கொடும்பாளூர்ப் பிடிமண்

என்னங்க,

வாழ்ந்த காலமெல்லாம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். எழுத்தில் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. பெயர் சொல்லி எழுத இப்போதும் கை வரவில்லை.

முதலில் ஒரு திருத்தம். கொட்டகலைக் கடைவீதியிலும் நம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசைகளிலும் என்னைப் பற்றி ஒரு பேச்சு நடக்கிறது. புதுக் கோயிலின் கல்வெட்டில் பெரிய கிளாக்கர் ஐயாவின் பெயரைச் சின்ன எழுத்தில் வெட்டிவிட்டார்களாம். அந்தக் கோபத்தில் கிளாக்கரம்மா கோயில் வேலையையே நிறுத்தப் பார்க்கிறாளாம். இது தவறு. உங்கள் பெயர் முதல் வரியில், மற்ற எல்லாப் பெயர்களையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னவள் நான்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளுக்கு நம்ம சாமி எங்கே தெரியப் போகிறது என்றும் சொல்கிறார்களாம். ஹட்டன் கான்வென்டில் படித்த நாட்களிலும் நான் திருநீறு வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். சிஸ்டர்மார் யாரும் அதை அழிக்கச் சொன்னதில்லை. அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். நடந்ததை நடந்தபடி சொல், நடுவில் அலங்காரம் வேண்டாம் என்பார்கள். இன்று அதைத்தான் செய்யப் போகிறேன்.

ஒவ்வொரு வருஷமும் உங்கள் திதிக்குப் பத்திரிகையில் உங்கள் படமும் நாலு வரிக் கவிதையும் போடுவேன். கவிதையை அவர்களே எழுதிவிடுவார்கள், உங்களுக்கு ஒரு வரிகூடப் பொருந்தாது. இந்த வருஷம் படம் வேண்டாம், கவிதை வேண்டாம், இடத்தை மட்டும் கொடுங்கள் என்றேன். உங்களிடம் நான் சொல்ல வேண்டியதை மற்றவர்களும் படிக்க வேண்டியிருக்கிறது. வீட்டு விஷயத்தை வெளியே பேசுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் நீங்கள் வைத்த மூவர் கோயில் இப்போது பழைய தகரக் கொட்டகை இல்லை. உங்கள் தங்கை மகன் தங்கராசுதான் கோயில் கமிட்டித் தலைவர். கொட்டகலையில் அவன் வைத்திருக்கும் ஹார்ட்வெயார் கடையிலிருந்து சீமெந்து மூட்டை மூட்டையாக மலையேறுகிறது. கடல் தாண்டிக் கொடும்பாளூரில் இருப்பதைப் போலவே பக்கத்தில் பக்கத்தில் மூன்று விமானங்கள் எழும்புகின்றன. அங்கே இரண்டுதான் நிற்கின்றன, நாம் மூன்றையும் கட்டிவிடுவோம் என்கிறான். சொல்லும்போது அவன் முகத்தில் உங்கள் சாயல் தெரிகிறது.

மூன்று விமானத்துக்கு அகலம் போதவில்லை. அதனால் சரிவை வெட்டி மட்டம் பண்ணினார்கள். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது? தேயிலைக்கு நடுவே குறுக்காக ஓடிய பழைய கான்களில் கொட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய கான்கள். மழைத் தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தவை. இப்போது அங்கே செவ்வந்திச் செடி வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கானை மூடினால் தண்ணீர் எங்கே போகும் என்று தங்கராசுவைக் கேட்டேன்.

"அது பாட்டுக்கு எறங்கிப் போயிரும் அத்தை."

எங்கே இறங்கும் என்றுதான் கேட்டேன். மேலே கோயில். கீழே லயம். லயத்தில் ஏழு குடும்பம்.

அந்த லயத்தில் கடைசி ஒற்றையறைக் காம்பராவில் இருக்கும் செல்வியை உங்களுக்கு நினைவிருக்கும். கொழுந்து எடுக்கப் போகிறவள். உங்கள் கடைசி நாட்களில் வந்து உங்களுக்குக் கால் பிடித்துவிட்டவள், யாரையும் கேலி பேசாமல் விடமாட்டாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது கதவு பாதிக்கு மேல் சாத்த மறுத்தது.

"மழைக்கு பலகை ஊதிருச்சுங்கம்மா" என்றாள்.

"மழை இன்னும் தொடங்கவே இல்லையே."

"அதுக்கு முன்னாலயே ஊதிக்கிச்சு. ஒங்க வீட்டு கதவு இங்கிலீசு படிச்ச கதவு, சொன்ன நேரத்துக்கு சாத்தும். எங்க கதவு எங்கள மாதிரிதாங்க."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிலையைப் பார்த்தேன். பலகை ஊதவில்லை. நிலைதான் சாய்ந்திருந்தது. ஊற்றிலிருந்து இழுத்த பீலித் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்றும் சொன்னாள். நானே பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தேன், அடியில் மண் தங்கியது. கோயிலுக்கு மேலே இருக்கும் சவுக்கு மரங்கள் கீழ்ப்பக்கமாகத் தலை சாய்த்து நிற்கின்றன. அவற்றின் பின்னால் தரையில் ஒரு வெடிப்பு. போன தடவை என் குடைக்கம்பியின் நுனி மட்டும் போனது. இந்தத் தடவை கைப்பிடி வரை போயிற்று.

மண்சரிவு பார்க்கும் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். சிங்களத்தில்தான் பேசினாள், லயத்து ஆட்களுக்கு நான் தமிழில் மாற்றிச் சொன்னேன். மலை நகரத் தொடங்கிவிட்டது, பெருமழை பிடித்தால் இந்த லயத்தில் ஒரு பொழுதும் தங்கக்கூடாது, பாடசாலை மைதானம் பாறை மேல் இருக்கிறது, அங்கே போய்விடுங்கள் என்றாள். சுவரில் சிவப்பு மையால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். அந்தச் சிவப்புக் குறிக்கு மேல் யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

ஒருவரும் கிளம்பவில்லை. ஏன் என்று செல்வியைக் கேட்டேன். இந்தத் தடவை அவள் கேலி பேசவில்லை.

"அம்மா, ஐயா கொண்டாந்து வச்ச மூவர் மண்ணு மேல இருக்கு. ஆயிரம் வருசத்து மண்ணு. அது இருக்கிற எடத்துல மலை எறங்காதுங்க."

என்னங்க, அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நாம் கொடும்பாளூர் போன நாளை நினைத்துப் பார்க்கிறேன். நம் தோட்டத்தில் முதலில் காடு வெட்டியவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள் என்று நீங்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றதும் செய்த முதல் வேலை அந்தப் பயணம்தான். திருச்சியிலிருந்து மதுரை போகிற பஸ்ஸில் ஏறினோம். விராலிமலை தாண்டியதும் நீங்கள் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டீர்கள். இருக்குவேளிர் என்னும் சிற்றரசர்களின் தலைநகரம் என்றீர்கள். சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் நடுவில் வழியைக் காத்து நின்ற ஊர் என்றீர்கள். இந்தப் பக்கமிருந்து படை போனாலும் அந்தப் பக்கமிருந்து படை வந்தாலும் முதலில் மிதிபட்டது இந்த ஊர்தானே என்று நான் கேட்டேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே ஊரைத் தேடத் தொடங்கினீர்கள்.

இறங்கிப் பார்த்தால் நகரம் எங்கே? காய்ந்த வயல், கருவேலம், ஆடுகள். கம்பி வேலிக்குள் அந்த இரண்டு விமானங்கள். மேற்குப் பார்த்து நிற்கும், பொன்னிறமான கல். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஏதோ நேற்றுச் செதுக்கியவை போல இருந்தன. யானையை உரித்த சிவன், பாதியுடல் பெண்ணான சிவன், கூரை விளிம்பின் வளைவுகளில் சிரிக்கும் சின்ன முகங்கள். மன்னன் தனக்கு ஒன்றும் தன் இரண்டு தேவியருக்கு ஒவ்வொன்றுமாகக் கட்டினான் என்று நீங்கள் விளக்கினீர்கள். மூன்றாவது இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் தரையோடு கிடந்தது. சுற்றிலும் சின்னச் சின்னச் சன்னிதிகளின் அடித்தளங்கள், வாயைத் திறந்து வைத்தவை போல. ஓரத்தில் படி இறங்கும் ஒரு வட்டக் கிணறு. விளக்கில்லை, மணியில்லை, பூசையில்லை.

விழுந்தது யாருடைய கோயில் என்று கேட்டேன். மன்னனுடையதா, மூத்தவளுடையதா, இளையவளுடையதா? நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றீர்கள். ஆயிரம் வருஷம் கழித்து, விழுந்தது யார் பெயர் என்றுகூடத் தெரியாமல் போய்விடுகிறது.

காவல்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மூணாவது கோயில் எப்படிங்க விழுந்துச்சு?" என்று அவரைக் கேட்டேன்.

"விழுகலம்மா. கல்லக் கழட்டிக் கழட்டிக் கொண்டு போயிட்டாக. கரை கட்ட, வீடு கட்ட, மாட்டுக்குத் தொட்டி கட்டன்னு."

"யாரு?"

"யாரு? ஊருதான்."

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் என்று சொல்வது போலச் சொன்னார். ஒரு தலைநகரம் ஒரே நாளில் கிராமம் ஆகியிருக்காது என்று அன்றைக்கு நினைத்தேன். முதலில் யாரோ ஒருத்தி வீட்டில் கதவு சாத்தாமல் போயிருக்கும். அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். கேட்டவர்களும் சிரித்திருப்பார்கள்.

தாய்க்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து வைத்தால்தான் புதுக் கோயிலில் சாமி இறங்கும் என்பது நம் ஆட்களின் வழக்கம். நீங்கள் பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு காவல்காரரிடம் கேட்டீர்கள். வேலிக்கு உள்ளே தொடக் கூடாது, வெளியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நீங்கள் மண்டியிட்டு, மூன்று விரலால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பிடி அள்ளினீர்கள். வெளுத்த, பொடிப் பொடியான மண். மஞ்சள் துணியால் செம்பின் வாயைக் கட்டினோம். உங்கள் தகப்பனார் இறந்தபோதுகூட நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் அந்தச் செம்பைத் திறக்கச் சொன்னார்கள். வெளிநாட்டு மண்ணை உள்ளே விட முடியாது, அதில் நோய் இருந்தால் தேயிலைக்கு ஆபத்து என்று அந்த அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். வாழ்நாள் முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த நீங்கள் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அவர் மண்ணைக் கொட்டிவிட்டுச் செம்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மஞ்சள் துணியை மடித்துக் கையில் தந்தார்.

வேனில் காலிச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். கொட்டகலை ஸ்டேஷன் முன்னால் தப்பு அடித்துக்கொண்டு தோட்டமே நிற்கிறது என்று தங்கராசு போன் பண்ணிக்கொண்டே இருந்தான். மலையேறும் வழியில் கினிகத்தேனையில் பிளேன் டீ குடிக்க நிறுத்தினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. டீயைத் தொடாமல் நீங்கள் செம்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனீர்கள். நான் குடையோடு பின்னால் வந்தேன். ஒரு சிரட்டையால் வாழைமரத்தடியில் தோண்டினீர்கள். எதற்கு மண் என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். பூச்செடிக்கு என்றீர்கள்.

"நிறம் சரியா இருக்கா?" என்று என்னைக் கேட்டீர்கள்.

"கொடும்பாளூர் மண்ணு இவ்வளவு செவப்பில்லைங்க."

"யாருக்குத் தெரியும்?" என்றீர்கள்.

அதற்குப் பிறகு அந்த மண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. கொட்டகலையில் அந்தச் செம்பைத் தொடுவதற்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். தொட்டவர்கள் கையை மோந்து பார்த்தார்கள். எங்க ஊரு வாசம் என்று ஒருவர் அழுதார். அவர் பிறந்தது இந்த மலையிலேயே, அக்கரப்பத்தனையில். அதனால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். இத்தனை வருஷம் கெடுதல் வரவும் இல்லை.

இப்போது அந்த மண்ணை நம்பி ஏழு குடும்பம் வெடித்த மலைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறது.

முதலில் தங்கராசுவிடம்தான் சொன்னேன். அவன் கடைக்கே போனேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். சிரட்டையையும் வாழைமரத்தையும்கூடச் சொன்னேன். கடைப் பையன்களை வெளியே அனுப்பிவிட்டு ஒரு சீமெந்து மூட்டை மேல் உட்கார்ந்தான். 

"அப்ப இத்தன வருசமா நான் எதக் கும்பிட்டேன் அத்தை?"

அவனுக்குச் சொல்லப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

மண்ணை எடுத்துப் பாடசாலை மைதானத்துக்குப் பக்கத்தில் வைப்போம், கோயிலை அங்கே கட்டு, செம்பு போகும் இடத்துக்கு ஜனங்கள் தானாக வந்துவிடுவார்கள் என்றேன். அது கினிகத்தேனை மண் என்று யாருக்கும் தெரிய வேண்டியதுகூட இல்லை என்று சொன்னேன். ஆமாங்க, அதையும் சொன்னேன். உங்கள் பெயர் கெடாமல் அவர்கள் உயிரும் தப்ப அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது.

அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது அவன் முகம் வேறாக இருந்தது.

"பிடிமண்ண வச்ச எடத்த விட்டு எடுக்கக் கூடாது. தெரியாதா ஒங்களுக்கு?"

"நான் சொன்னது காதுல விழலயா?"

"விழுந்துச்சு. நம்பல. மாமா அப்பிடி செய்ற ஆளு இல்ல. கொடும்பாளூருல ரெண்டு கோயிலு ஆயிரம் வருசமா அப்பிடியே நிக்குது அத்தை. அந்த சக்தி இங்கயும் இருக்கு."

"மூணாவது எங்க தங்கராசு?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னிடம் அவன் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"வச்சவரு சொன்னாத்தான் பிடிமண்ண எடுக்கலாம். அதான் மொற. மாமா வச்ச மண்ண மாமா எடுக்கச் சொல்லட்டும். எழுத்துல குடுக்கச் சொல்லுங்க, நாளைக்கே எடுத்துர்றேன்."

அப்படியானால் கல்வெட்டிலிருந்து உங்கள் பெயரை எடு என்றேன். அந்தச் சரிவில் நடக்கப்போகும் எதற்கும் மேலே உங்கள் பெயர் இருக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அதைத்தான் அவன் வெளியே வேறு மாதிரிச் சொல்லி வைத்திருக்கிறான். அவனை நான் கெட்டவன் என்று சொல்லவில்லை. நம்பிக்கை உடையப் போகிற இடத்தில் மனுஷன் கைக்குக் கிடைத்த பொய்யைப் பிடித்துக்கொள்கிறான். அது அவனுக்கு யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு செல்வியிடம் போனேன். அவள் வாசலில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். கினிகத்தேனை என்றதும் சிரித்துவிட்டாள்.

"கினிகத்தேனையா? பஸ்ஸுக்கு மூத்திரம் பெய்ய நிப்பாட்டுவானுங்களே, அங்கயா?"

"அங்கதான்."

சிரிப்பு நின்றது. ஊசியைக் கூடையில் குத்தி வைத்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. எங்கள கெளப்பணும்னு நல்ல மனசுலதான் சொல்றீங்க. ஆனா அதுக்காக செத்துப்போன புருசன் மேல இப்பிடி பழி போடலாமா? ஐயா சாமி மாதிரி மனுசரு."

"நான் பொய் சொல்லி நீ பாத்திருக்கியா?"

"இல்லீங்க. ஆனா ஐயா பொய் சொல்லியும் பாத்ததில்ல."

என்னங்க, இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். என் வாழ்நாளில் ஒரு கணக்கிலும் ஒரு வார்த்தையிலும் யாரும் என்னைப் பிழை பிடித்ததில்லை. கறார்க்காரி, கர்வக்காரி என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள், பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை. இன்று நான் சொல்லும் ஒரே முக்கியமான உண்மையை நம்ப ஆளில்லை. அவர்கள் உங்களைத்தான் நம்புகிறார்கள். நீங்கள் பேசமாட்டீர்கள்.

நேற்று மத்தியானம் வானம் எதிர்மலை மேல் வந்து உட்கார்ந்தது. மழை பெய்யவில்லை. காற்றும் இல்லை. காகங்கள்கூட அந்தச் சரிவில் இறங்கவில்லை. நான் கோயிலுக்கு ஏறிப் போனேன். உங்கள் செம்பை வைத்த இடத்தில் இப்போது கொங்க்ரீட் தளம். அதில் காதை வைத்துக் கேட்டேன், இந்த வயதில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி பண்ணிக்கொண்டு. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மெல்லத்தான். மழை பெய்யாத நாளில், தண்ணீர் இருக்கக் கூடாத இடத்தில்.

திரும்பி இறங்கும்போது கீழே லயத்தில் செல்வியின் அடுப்புப் புகை தெரிந்தது. சோற்று வாசனை வந்தது. பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் சிவப்புக் குறி போட்ட சுவரில் பந்தை அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

கொடும்பாளூர் மன்னன் தன் பெயரையும் தேவியர் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தான். அந்தக் கோயில்களைச் சுற்றிக் குடியிருந்தவர்களின் பெயரை யாரும் வெட்டவில்லை. நீங்கள் அன்று காட்டிய எல்லாவற்றிலும் எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சின்ன அடித்தளங்கள்தான். எந்தச் சன்னிதி என்று அடையாளம் தெரியாத, பெயரில்லாத சதுரங்கள். ஒரு லயம் மண்ணோடு போனாலும் மிஞ்சுவது அதே மாதிரித்தான் இருக்கும். வரிசையாகச் சதுரங்கள். யாராவது வேலி கட்டிக் காவல் போடுவார்களா?

உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன். இந்தப் பத்திரிகை கொட்டகலைக்கு வரும் காலையில் அது கெட்டுவிட்டிருக்கும். சபைகளில் உங்களுக்குப் போட்ட மாலைகளை யோசித்தேன். நம் மகள் கனடாவிலிருந்து அழுவாள் என்பதையும் யோசித்தேன். யோசித்த பிறகுதான் எழுதுகிறேன். நீங்கள் பயணம் போனது பொய்யில்லை. மண்டியிட்டது பொய்யில்லை. அழுதது பொய்யில்லை. ஒரு பிடி மண் மட்டும் பொய். அதை நான் பகிரங்கமாகச் சொன்னதற்கு என் மேல் கோபப்படுவீர்களானால், கோபப்பட்டுக்கொள்ளுங்கள்.

இனி என் வாக்கு. இன்று சாயங்காலம் என் துணிப் பெட்டியையும் உங்கள் சாய்வு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு செல்வியின் காம்பராவுக்குப் போகிறேன். அவளிடம் கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு எங்க வீட்டு ரொட்டி செமிக்குமா என்று கேட்டாள், செமிக்கும் என்றேன். அந்த ஏழு குடும்பமும் பாடசாலைக்குக் கிளம்பும் வரை அங்கேதான் இருப்பேன். சாத்தாத கதவுக்குப் பக்கத்தில் என் நாற்காலி இருக்கும். எங்களைக் கிளப்பப் பொய் சொல்கிறாள் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. மலை இறங்குமானால் நான் சொன்னது உண்மை என்று முதலில் தெரியப்போவது எனக்கு. அந்தத் திருப்தி எனக்கு வேண்டாம். அவர்கள் அதற்கு முன்னால் கிளம்பட்டும்.

தாலி இழந்தவள் பிடிமண்ணைத் தொடக் கூடாது என்று கமிட்டியில் பேசிக்கொண்டார்களாம். கொடும்பாளூர் மண்ணைத் தொட எனக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். கினிகத்தேனை மண்ணைத் தொட யாருடைய அனுமதியும் எனக்குத் தேவையில்லை. ஆனால் கொங்க்ரீட்டை உடைக்க என் கையில் வலு இல்லை. அதற்குத் தங்கராசு வர வேண்டும். அவன் கேட்பது உங்கள் எழுத்தை.

உங்கள் கையெழுத்தை இந்தத் தோட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. பெயர்ப் பதிவிலிருந்து பென்ஷன் வரை அவர்கள் வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றின் கீழும் அது இருக்கிறது. அதைப் பார்த்தால் கிளம்பிவிடுவார்கள். நீளமாக வேண்டாம். விளக்கம் வேண்டாம். மண்ணை எடுக்கலாம் என்று ஒரு வரி. மழை வருவதற்குள், தயவுசெய்து, எழுத்தில் பதில் தாருங்கள்.

அன்று உங்களுக்குக் குடை பிடித்த,
உங்கள் மனைவி